பத்து பைசா குறைகிறது

போன வருடம் ஜூன் மாதம், பள்ளி திறந்து நாலாவது நாள். மகள் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து, சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு நைஸாக நழுவினாள். நேரில் நீட்டத் தைரியமில்லாத எதையும் எங்கள் வீட்டில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில்தான் வைப்பது வழக்கம். கரண்ட் பில்லும் அங்கேதான் இருக்கும்.

கணக்கு டெஸ்ட். 25க்கு 9.

இதே பெண், மார்ச் மாதத்தில் இதே மாதிரிக் கணக்குகளுக்கு 25க்கு 21 வாங்கியிருந்தாள். நடுவில் என்ன ஆயிற்று? காய்ச்சலா, வீடு மாறினோமா? ஒன்றும் இல்லை. கோடை விடுமுறை வந்தது, போனது. அவ்வளவுதான்.

பேப்பரைப் பார்த்தேன். 402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லியிருந்தார்கள். இவள் போட்டிருந்த விடை 376. எப்படி வந்தது என்று அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டபிறகுதான் பிடிபட்டது. இரண்டிலிருந்து எட்டு போகாது; அதனால் எட்டிலிருந்து இரண்டைக் கழித்து 6. பூஜ்யத்திலிருந்து ஏழு போகாது. சரி, ஏழிலிருந்து பூஜ்யம் போனால் 7. நாலிலிருந்து ஒன்று போனால் 3. ஆக 376. சின்னது எங்கே இருந்தாலும் அதைப் பெரியதிலிருந்து கழித்துவிட வேண்டியது. அவள் அளவில் அது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கு மார்க் கிடையாது.

நான் பி.காம். என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என் கல்லூரி நண்பர்கள் யாராவது எடிட்டருக்குக் கடிதம் போட்டுச் சொல்லிவிடுவார்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் இரண்டு முறை அரியர் வைத்து, மூன்றாவது முறை கரையேறியவன். அந்தப் பயத்தில்தான் எண்கள் இல்லாத தொழில் என்று நினைத்துப் பத்திரிகைக்கு வந்தேன். அதனால் மகளின் 9 மார்க்கைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். ‘என் ரத்தம் வேலையைக் காட்டுகிறது’ என்கிற பயம்.

*

இந்த வருடம் விடமாட்டேன் என்று ஏப்ரலிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

கடைக்குப் போய் 3 ஒர்க் ஷீட் புத்தகங்கள் வாங்கினேன். கால அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். காலை 7 முதல் 8 வரை கணக்கு. தினம் 50 கணக்குகள். ஞாயிறு மட்டும் லீவு. ‘கவர்மெண்ட் ஆபீஸ்கூட இதைவிடத் தேவலை’ என்றாள் மனைவி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அபாகஸ் கிளாஸில் சேர்க்கலாம், வேத கணிதம் சொல்லித் தருகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எதற்குச் செலவு, வீட்டிலேயே ஒரு பி.காம். இருக்கும்போது?

முதல் மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் கொட்டாவி. ஐந்தாம் நாள் வயிற்றுவலி. ஆறாம் நாள் நடந்ததை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

“எட்டேழு எவ்வளவு?” என்றேன்.

பதில் இல்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது.

“எட்டேழும்மா...”

இல்லை.

“நாலாங்கிளாஸ் முடிச்சாச்சு, எட்டேழு தெரியலையா? மக்கு மாதிரி நிக்கிறே!”

கத்திவிட்டேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, மிக மெதுவாக, “அம்பத்தாறு” என்றாள். அப்புறம், “சொல்லத்தான் வந்தேன்ப்பா. எண்ணிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள கத்திட்டே” என்றாள்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. “சரி, அடுத்த கணக்கு” என்றேன். அப்பாக்களுக்கு மன்னிப்புக் கேட்பது எந்த வகுப்பிலும் பாடமாக வைக்கப்படவில்லை.

மறுநாளிலிருந்து ஓர் அதிசயம். 50 கணக்குகளையும் இருபதே நிமிடத்தில் முடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். எல்லாமே சரி. அடுத்த நாளும் சரி. அதற்கடுத்த நாளும். நான் மனைவியைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தேன். ‘கொஞ்சம் கண்டிப்பு காட்டினால் எப்படி வழிக்கு வருகிறது பார்த்தாயா’ என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

நாலாவது நாள் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. 36-ஐ 25-ஆல் பெருக்க வேண்டும். இவள் எழுதியிருந்தது 960. தப்பு, 900 வரவேண்டும். சரி, 50-ல் ஒன்று போகட்டும் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தேன். அங்கேயும் 960. அச்சுப்பிழை!

விஷயம் புரிந்துவிட்டது. அச்சடித்தவன் செய்த தப்பைக்கூட விடாமல் என் மகள் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள்.

கூப்பிட்டேன். வந்து நின்றாள். நான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்தாள். முகம் மாறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். 1989-ல் அது என் முகம்.

*

அப்போது எனக்கு 9 வயது. முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே என்னை விருதுநகருக்கு பஸ் ஏற்றி விட்டுவிடுவார்கள். அம்மாவின் ஊர். தாத்தா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். பெரிய கடை இல்லை. வத்தல், மல்லி, பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கும். அந்த இடத்தில் தாத்தா உட்கார்ந்திருப்பார்.

தாத்தாவுக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. ஆனால் தலைக்குள் இரண்டு மூன்று உலகத்துக் கணக்கு ஒன்றாகக் குடியிருந்தது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று கணக்குப் போட்டுக் கொண்டிருந்தவரிடம், 1957 ஏப்ரலில் ‘இனிமேல் ரூபாய்க்கு 100 நயா பைசா’ என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச வருடத்தில் வீசையும் பலமும் போய் கிலோ வந்தது. தாத்தா எதையும் மறக்கவில்லை; புதிதைப் பழையதின் மேல் அடுக்கிக்கொண்டார். 25 பைசா கடைசிவரை அவருக்கு நாலணாதான். பதினாறில் ஒரு பங்கை ‘வீசம்’ என்பார், ‘மாகாணி’ என்பார். ஒரு படிக்கு 4 உழக்கு, ஓர் உழக்குக்கு 2 ஆழாக்கு என்று பாதி பாதியாக உடைத்துக்கொண்டே போவார். எங்கள் வாத்தியார் ஒரு வருடமாகப் பின்னம் நடத்தியும் புரியாதது, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அரைமணி நேரத்தில் புரிந்தது.

அந்த விடுமுறையில் தாத்தா எனக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்தார். கடைக்குள்ளேயே ஒரு கடை. ஒரு கண்ணாடி ஜாடி நிறைய கடலை மிட்டாய், ஒரு பழைய தகர டப்பா, ஒரு 20 பக்க நோட்டு. மிட்டாய் ஒன்று 15 பைசா. காலையில் ஜாடியில் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். ராத்திரி மிச்சத்தை எண்ண வேண்டும். விற்றதும் டப்பாவில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். நான் தின்றால் அதையும் எழுத வேண்டும். ஆனால் காசு தரவேண்டாம். ‘முதலாளி தின்னது’ என்று ஒரு தனிக் கலம் போட்டுக் கொடுத்தார். பிற்பாடு பி.காமில் ‘டிராயிங்ஸ்’ என்று ஒரு பாடம் வந்தபோது வகுப்பிலேயே நான் ஒருவன்தான் சிரித்தேன்.

ஒரு நாள் ராத்திரி பத்து பைசா குறைந்தது.

மறுபடி எண்ணினேன். பத்து பைசா குறைந்தது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். பத்து பைசா குறைந்தது. தாத்தா கடையைச் சாத்தப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். என் டவுசர் பாக்கெட்டில் சொந்தக் காசு பத்து பைசா இருந்தது. ஓசைப்படாமல் எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, “தாத்தா, கணக்கு சரியாயிருச்சு” என்றேன்.

தாத்தா திரும்பிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தாரா, பாக்கெட்டுக்குள் போய் வந்த கையைப் பார்த்தாரா, தெரியாது. வந்து எதிரில் உட்கார்ந்தார். டப்பாவிலிருந்து பத்து பைசாவை எடுத்து என் கையில் வைத்தார்.

“இதைப் போட்டு மூடிட்டா தப்பு உள்ளயே கிடக்கும்டா. நாளைக்கும் அதையே செய்வே. பத்து பைசா போனாப் போகுது, எங்கே போச்சுன்னு தெரிய வேண்டாமா? சொல்லு, இன்னிக்கு யார் யார் வந்தா?”

அடிக்கவில்லை. திட்டவில்லை. குண்டு பல்பு வெளிச்சத்தில், காலையிலிருந்து வந்தவர்களை ஒவ்வொருவராகச் சொன்னேன். தாத்தாவுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஆனாலும் எழுந்து போகவில்லை. பதினோராவது ஆளில் மாட்டியது. சாயங்காலம் ஒரு பையன் 7 மிட்டாய் வாங்கினான். இரண்டு ரூபாய் நோட்டு கொடுத்தான். ஏழு பதினைஞ்சு நூற்றைந்து, 1 ரூபாய் 5 பைசா. நன்றாகத்தான் பெருக்கினேன். பெருக்கிய பெருமையில், அந்த 1 ரூபாய் 5 பைசாவையே எண்ணி அவன் கையில் மீதியாகக் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்க வேண்டியது 95 பைசா.

தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். “பெருக்கல் சரி. விலையைத் திருப்பிக் கொடுத்துட்டு மீதியை நீ வச்சிருக்கே!”

அந்தப் பையனிடம் போய் கேட்கட்டுமா என்றேன். “நம்ம தப்புக்கு அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கக் கூடாது” என்றார். என் நோட்டை வாங்கி, கடைசி வரியில் அவர் கையாலேயே எழுதினார்: ‘சில்லறைத் தவறு - 10 பைசா.’ கீழே ஒரு கோடு. கணக்கு சரி.

கல்லூரியில் ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று ஒன்று படித்தோம். இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால், தப்பு கிடைக்கும்வரை வித்தியாசத்தை அந்தத் தலைப்பில் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். நான் அதில்தான் என் மொத்த காஸ்ட் அக்கவுண்டிங்கையும் நிறுத்தி வைத்திருந்தேன். ஆனால் அந்த 7 மிட்டாய் கணக்கை மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் விலையை மீதி என்று கொடுத்ததும் இல்லை.

*

என் மகள் செய்ததும் அதுதானே? பாக்கெட்டிலிருந்து பத்து பைசாவை எடுத்துப் போட்டு மூடியிருக்கிறாள். கணக்கு வரவில்லை என்பதைவிட, வரவில்லை என்று என்னிடம் சொல்ல முடியவில்லை. அந்தத் தப்பு யாருடையது?

ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த அட்டவணையைக் கிழித்தேன். ஒட்டிய பசை இன்னும் அங்கேயே இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வரட்டும் என்று மனைவி துடைக்காமல் விட்டிருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனோம். வெங்காயம் 2 கிலோ, கிலோ 35 ரூபாய். தக்காளி முக்கால் கிலோ, கிலோ 36. பீன்ஸ் கால் கிலோ, கிலோ 80. கத்தரிக்காய் அரை கிலோ, கிலோ 50. தராசிலிருந்து கடைசிக் கத்தரிக்காய் பைக்குள் விழுவதற்குள், “நூத்தி நாப்பத்திரண்டு. கறிவேப்பிலை சும்மா போட்டிருக்கேன்” என்றார் அந்த அம்மா.

பழக்க தோஷம், நான் செல்போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். 142.

“என்னா தம்பி, மெஷின் ஒத்துக்கிச்சா?” என்றார். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்.

மகள் விடவில்லை. “எப்படி ஆயா போட்டீங்க?”

“எழுபதும் இருபதும் தொண்ணூறு. அதை ஒரு பக்கம் வச்சுக்க. இருவத்தஞ்சும் இருவத்தேழும் அம்பத்திரண்டு. ரெண்டையும் சேத்தா முடிஞ்சுது. வரிசையாத்தான் கூட்டணும்னு யாரு சொன்னா?”

யாரு சொன்னா? நான்தான் சொல்லியிருந்தேன். ஒன்றாம் இடம், பத்தாம் இடம் என்று கோடு போட்டு.

பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்று ஒரு நகரம். அங்கே தெருவில் வியாபாரம் செய்யும் சிறுவர்களை வைத்து மூன்று ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனை 1985-ல் வெளியானது. வாடிக்கையாளர் மாதிரி போய், ‘ஒரு தேங்காய் 35 என்றால் 10 தேங்காய் எவ்வளவு?’ என்று கேட்டார்கள். அந்தப் பையன் பத்தால் பெருக்கவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று தாவித் தாவிப் போய் 350-ல் நின்றான். இப்படித் தெருவில் கேட்டவற்றில் அந்தச் சிறுவர்கள் 98 சதவிகிதம் சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்குகளைக் காகிதத்தில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவிகிதம்தான் சரி!

இதைப் படித்ததும் எனக்குக் குஷி. ‘பார்த்தீர்களா, ஒர்க் ஷீட் எல்லாம் வீண், பிள்ளைகளைக் காய்கறிக் கடைக்கு அனுப்புங்கள்’ என்று இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் கதை அத்தனை சுலபமாக முடியவில்லை. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட ஒரு குழு கொல்கத்தாவிலும் டெல்லியிலும் நடத்திய ஆய்வு 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கடைவீதியில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள். வியாபாரத்தில் புலி, பள்ளிக்கூடக் கணக்கில் தடுமாற்றம். சரி, பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள்? அவர்கள் காகிதத்தில் பரவாயில்லை. கடையில் கொண்டுபோய் நிறுத்தினால் திணறல். ஒரு கரையில் கற்றது மறுகரைக்குத் தானாக நீந்திப் போவதில்லை. நடுவில் யாராவது பாலம் போட வேண்டும்.

விடுமுறையில் கணக்கு மறந்துபோவது என் மகளுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்பதும் தெரிந்தது. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்பவரும் அவர் குழுவும் 39 ஆய்வுகளை அலசி 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள். அதிகம் அடிவாங்குவது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலும் ஸ்பெல்லிங்கும் என்றார்கள். எவ்வளவு இழப்பு, எந்தப் பரீட்சை வைத்து அளப்பது என்பதில் பிற்பாடு வந்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடட்டும். எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். வாசிப்பில், வசதியான வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையிலும் தாக்குப் பிடிக்கிறார்கள், வீட்டில் புத்தகம் இருப்பதால். கணக்கில் அப்படி இல்லை. ஏழை, பணக்காரன் வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் இறங்குகிறது.

யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. லீவில் பிள்ளைகள் பேசுகிறார்கள், சினிமா போஸ்டர் படிக்கிறார்கள், பஸ் போர்டு படிக்கிறார்கள். எட்டேழு எவ்வளவு என்று எந்த போஸ்டரும் கேட்பதில்லை. முன்பாவது கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறை எண்ணி வரவேண்டும். இப்போது பால் வாங்கினாலும் பல்ப் வாங்கினாலும், ‘ஜிபே பண்ணிடுங்க சார்’ என்கிறார்கள். ஒரு பீப் சத்தம். அவ்வளவுதான் வியாபாரம். ஒரு 200 ரூபாய் நோட்டு எப்படி உடைந்து எங்கெங்கே போகிறது என்பதை என் மகள் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றைக் காகிதத்தில் கழிக்கச் சொன்னால்?

*

அப்புறம் நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவருமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தினம் 15 நிமிடம். அதற்கு மேல் அவளே கேட்டாலும் கிடையாது. 50 கணக்குக்குப் பதில் 8. அதுவும் ஒரே மாதிரி இல்லாமல் கலந்து. ஒரே நாளில் 100 போடுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் மனசில் தங்கும் என்பது நூறு வருடத்துக்கு மேலாக ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லி வருவது. எங்கள் வாத்தியார் ‘தினம் வாய்ப்பாடு ஒப்பி’ என்றபோது அது ஆராய்ச்சி என்று தெரியாமல் போயிற்று.

காய்கறிச் செலவு அவள் பொறுப்பு. வாரம் 500 ரூபாய், ரொக்கமாக. ஒரு டப்பா, ஒரு நோட்டு. கடையில் தொகையைக் கேட்பதற்கு முன்னால் உத்தேசமாக ஒன்று சொல்லவேண்டும். ‘நூத்தம்பதுக்குள்ள வரும்’ என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, கழித்தலில் 376 வந்தால் எங்கேயோ இடிக்கிறது என்று தோன்ற ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்ததும் அதே கணக்கைக் காகிதத்தில், பள்ளிக்கூட முறையில் கோடு போட்டு எழுதவேண்டும். பாலம் என்று சொன்னேனே, அது இதுதான்.

தோசைக்கு அரிசி 4 டம்ளருக்கு உளுந்து 1. விருந்தாளி வருகிறார்கள், 6 டம்ளர் போட்டால்? ஒன்றரை. 3 போட்டால்? முக்கால். தப்பாகச் சொன்னால் மறுநாள் தோசையே சொல்லிவிடும், நான் கத்தவேண்டியதில்லை. சாயங்காலம் என் அம்மாவோடு பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5, மொத்தம் 70 முத்து. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று பேத்தி மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்போது பாட்டி அவசரப்படுத்துவதே இல்லை. நான் கற்றுக்கொண்டது அதைத்தான். கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுவது. சொல்ல எளிது. ஆறுக்கு மேல் எண்ணுவதற்குள் எனக்கு நாக்கு துடிக்கும்.

அந்த 402-க்கும் ஒரு நாள் வழி பிறந்தது. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்றுதான் நமக்கெல்லாம் கழித்தல் சொல்லிக்கொடுத்தார்கள். “கடன் வாங்கினா திருப்பித் தர வேண்டாமாப்பா?” என்று கேட்டாள். நாற்பது வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. உண்மைதான். அது கடனே இல்லை, சில்லறை மாற்றுவது. நாலு நூறு ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கொடுத்தேன். “178 கொடு” என்றேன். கொஞ்ச நேரம் முழித்தாள். அப்புறம் ஒரு நூறைக் கொண்டுபோய் அவள் அம்மாவிடம் 10 பத்தாக மாற்றினாள். அதில் ஒரு பத்தை 10 காசாக மாற்றினாள். எண்ணிக் கொடுத்தாள். கையில் மிச்சம் இருந்ததை மேஜையில் பரப்பினாள். இரண்டு நூறு, இரண்டு பத்து, நாலு காசு.

“இருநூத்தி இருபத்திநாலு!” என்றவள், “அய்யே, இவ்வளவுதானா!” என்றாள்.

அன்றைக்கு ராத்திரிதான் அவளிடம் 1989-ன் பத்து பைசா கதையைச் சொன்னேன். 960 கதையையும் நானே எடுத்தேன். “உன்னைக் கத்தினது அப்பாவோட சில்லறைத் தவறு” என்றேன். யோசித்துவிட்டு, “அது சில்லறை இல்லப்பா, பெரிய நோட்டு” என்றாள். ஒப்புக்கொண்டேன்.

*

மே கடைசி ஞாயிறு. கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்து டப்பாவைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து ரூபாய் குறைந்தது.

எனக்கு ஆபீஸுக்கு ஒரு கட்டுரை அனுப்ப வேண்டிய அவசரம். “அஞ்சு ரூபாதானேம்மா, இந்தா” என்று பாக்கெட்டில் கையை விட்டேன்.

“போடாதே!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். “உட்காருப்பா. எங்கெங்கே போனோம்னு சொல்லு.”

உட்கார்ந்தேன். வெங்காயக் கடை, தக்காளி, கீரை, எலுமிச்சம்பழம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தோம். எல்லாம் சரியாக இருந்தது. வரும் வழியில் கோயிலுக்குள் போனோம். “அங்க ஒண்ணும் வாங்கலையே” என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். “செருப்பு! செருப்பு விட்ட இடத்துல சில்லறை இல்லேன்னு எங்கிட்டதான் வாங்கிக் கொடுத்தே!”

ஆமாம். நான்தான். நோட்டில் கடைசி வரியாக எழுதினாள்: ‘அப்பா கடன் - 5 ரூபாய்.’ கீழே ஒரு கோடு. பிறகு கையை நீட்டினாள். கொடுத்தேன்.

தாத்தாவை அவள் பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் வாரமே கணக்கு டெஸ்ட். எத்தனை மார்க் என்றுதானே கேட்கிறீர்கள்? 25க்கு 17. சினிமாவாக இருந்தால் 25க்கு 25 வந்திருக்கும். வாழ்க்கையில் 17தான் வந்தது. வகுத்தலில் இன்னும் தகராறு இருக்கிறது; போன வருடத்துப் பயம் முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் தப்பான கணக்குகளுக்குப் பக்கத்தில், பென்சிலால், அவளே மறுபடி போட்டுப் பார்த்திருந்தாள். எங்கே பிசகியது என்று ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வட்டம். ஒரு வட்டத்துக்குப் பக்கத்தில் ‘அவசரம்’ என்று எழுதியிருந்தது.

அந்தப் பேப்பரை அவள் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைக்கவில்லை. ஆபீஸிலிருந்து நான் வரும்வரை வைத்திருந்து, கையில் கொடுத்தாள்.

கரண்ட் பில் மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது.